ஆறடிப் பரிசல்

சொந்தப் பரிசல் வாங்குவதற்கு முன்னால் நான்கு வருஷம் வாடகைப் பரிசலில்தான் தண்ணீரில் இறங்கினேன். எங்கள் அணை பாலாறு–பொருந்தலாறு. பழனி மலைத்தொடரில் இருந்து இறங்கி வரும் இரண்டு ஆறுகளை அடிவாரத்திலேயே மறித்துக் கட்டியது, 65 அடி. இங்கிருந்து போகிற தண்ணீர் சண்முகநதிக்குப் போய், அது அமராவதியில் சேரும். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கொஞ்சம் யோசித்துத்தான் கை காட்டுவார்கள். படகு என்றால் எங்களுக்குக் கொடைக்கானல் ஏரியில் சுற்றுலா வருகிறவர்கள் மிதிக்கிறதுதான். மீன் பிடிக்கிறவனுக்குப் பரிசல்.

அப்போதைய கணக்கு இப்படி. அணையைக் குத்தகைக்கு எடுத்தவர் மீன்குஞ்சு விடுவார். நாங்கள் பிடிக்கிற மீனை அவரிடமே எடை போட வேண்டும், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பரிசல் இல்லாதவன் பரிசல்காரருக்கு நாள் வாடகை 15 ரூபாய் கொடுக்க வேண்டும். மீன் பட்டாலும் கொடுக்க வேண்டும், படாவிட்டாலும் கொடுக்க வேண்டும். குத்தகைக்காரரின் தராசு ஒவ்வொரு கூடைக்கும் அரைக் கிலோவை விழுங்கும், அதைக் கேட்டால் மறுநாள் எடையே போடமாட்டார். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

என்னை உறுத்தியது 15 ரூபாய்கூட இல்லை. ஆடி மாதம் மலை இடுக்கு வழியாகக் காற்று வந்து விழும். அம்மி பறக்காவிட்டாலும் பரிசல் பறக்கும். கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒன்று உருண்டு போய் வேலிக்கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் காற்றில் பரிசல் வைத்திருந்தவர்கள் புங்கமரத்தடியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பார்கள். வாடகைக்கு எடுத்த நாங்கள்தான் அலையில் முட்டிக்கொண்டிருப்போம். வாடகை கொடுத்தாகிவிட்டதே, எப்படிச் சும்மா உட்காருவது?

1998 மாசியில் அம்மாவின் தோட்டை அடகு வைத்து 1,400 ரூபாய் தேற்றினேன். அம்மா தோட்டைக் கழற்றும்போது ஒன்று கேட்டாள்: "மாடு வாங்கினா பால் கறக்கும். இது என்னத்தடா கறக்கும் கண்ணு?" எனக்குப் பதில் தெரியவில்லை. தோட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

துணைக்கு மாமா வந்தார். சொந்த மாமா இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். இருபது வருஷத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு போனதுதான் அந்த வருஷம் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். எங்கள் பக்கம் பரிசல் முடைகிறவர்கள் இல்லை. காவிரிக்கரைக்குத்தான் போக வேண்டும். மேட்டூரில் இறங்கி ஆற்றோரமாக விசாரித்துக்கொண்டே நடந்தோம். ஒரு புளியமரத்தடியில் ஐந்தாறு பரிசல் கவிழ்ந்து கிடந்தன. முடைகிறவர் ஒருவர் மூங்கில் பிளாச்சுகளை ஈரச்சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வளைத்துப் பின்னிக்கொண்டிருந்தார்.

நான் போனவுடன் நன்றாகக் கறுப்பாக மின்னிக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டி, "இது என்ன விலை?" என்றேன். மாமா என் கையைப் பிடித்து அமுக்கினார். அதன் பக்கத்தில்கூட அவர் போகவில்லை. தார் பூசாமல் வெறும் கூடாக இருந்த ஒன்றிடம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். கட்டை விரலால் ஒவ்வொரு பிளாச்சாக அழுத்திப் பார்த்தார். விளிம்பைச் சுற்றி விரல் கணுவால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. அந்த இடத்தில் குனிந்து பார்த்தால் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை, அதில் இருந்து மஞ்சளாக மாவு உதிர்ந்தது. உளுத்த மூங்கில். "வளர்பிறையில வெட்டினதா?" என்று மாமா கேட்டார். முடைகிறவர் சிரித்துக்கொண்டே அந்தக் கூட்டைத் தள்ளி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். தேய்பிறையில் வெட்டிய மூங்கிலைப் பூச்சி அரிக்காது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அது சரியோ இல்லையோ, அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் விற்கிறவர் நம்மைப் பார்க்கிற பார்வை மாறிவிடுகிறது.

அன்று கற்றுக்கொண்டதை இன்றும் யார் கேட்டாலும் சொல்வேன். தார் பூசி முடித்த பரிசலை வாங்காதீர்கள். தார் எல்லாவற்றையும் மூடிவிடும். கூட்டைப் பார்த்து வாங்கி, கண் முன்னால் சாக்கு கட்டித் தார் பூசச் சொல்லுங்கள். ஒரு நாள் காத்திருந்தாலும் பரவாயில்லை. நாங்கள் காத்திருந்தோம். அந்தக் காலத்தில் எருமைத்தோல் போர்த்துவார்களாம். எனக்கு வாய்த்தது வெட்டித் தைத்த உரச்சாக்கும் அதன் மேல் பிளாஸ்டிக் தாளும். அடுப்பில் தார் கொதித்து, துணி சுற்றிய குச்சியால் இழுத்துப் பூசினார்கள். முதல் பூச்சு காய்ந்த பிறகு பரிசலை நிமிர்த்தி உள்ளே நான்கு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார் மாமா. வெளிப்பக்கம் எங்கே வியர்க்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார். மூன்று வட்டம் விழுந்தது. மூன்றிலும் துணி ஒட்டு வைத்து இரண்டாவது பூச்சு. ஆறடி விட்டம், 1,100 ரூபாய், துடுப்பு தனியாக 60.

வாங்கியது சுலபம், கொண்டு வந்ததுதான் பாடு. காய்கறி இறக்கிவிட்டு ஒட்டன்சத்திரத்துக்குக் காலியாகத் திரும்பிய ஒரு லாரியில் ஏற்றிவிட்டோம். ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ் மேலே ஏற்றப் போனால் கண்டக்டர் இறங்கி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னய்யா இது, கூடையா குடையா?"

"பரிசல்ங்க."

"பழனியில எங்கய்யா கடல் இருக்கு?"

கடைசியில் இரண்டு லக்கேஜ் டிக்கெட் போட்டார். பழனியில் இறங்கி ஒரு மாட்டு வண்டி, வண்டி நின்ற இடத்தில் இருந்து வீடு வரை என் தலை. பரிசலைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தால் வெளியே முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். தெருப்பிள்ளைகள் "ஆமை வருது, ஆமை வருது" என்று பின்னாலேயே ஓடி வந்தார்கள். வெயிலில் தார் இளகிக் கழுத்தில் ஒட்டியது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் மூன்று நாள் போகவில்லை. அம்மா விளிம்பில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பிழிந்தாள். தோடு இல்லாத காதை முந்தானையால் மூடியிருந்தாள்.

பல வருஷம் கழித்துக் கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒருவர் சொல்லிக் கேட்டேன். 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அந்த ஏரியை உண்டாக்கி, அதில் விட முதல் படகைத் தூத்துக்குடியில் இருந்து வரவழைத்தாராம். மோட்டார் ரோடு இல்லாத காலம். எல்லாரும் லெவிஞ்ச் பெயரைச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் படகைத் தூக்கிக்கொண்டு மலையேறியவர்களின் கழுத்துதான் நினைவுக்கு வந்தது.

சரி, தண்ணீருக்கு வருவோம். நான்கு வருஷ அனுபவம் முதல் நாளே பல்லிளித்தது. வாடகைப் பரிசல் எட்டடி, இரண்டு பேர் போவது. என்னுடையது ஆறடி, ஒருவனுக்கானது. ஏறி ஓரத்தில் உட்கார்ந்து துடுப்பைப் போட்டதும் ஒரு பக்கம் தாழ்ந்து, நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றியது. கரையில் இருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. நீங்கள் உட்காருகிற பக்கம்தான் முன்பக்கம். துடுப்பைப் பக்கவாட்டில் போட்டால் சுற்றும். நமக்கு நேர் முன்னால் போட்டுத் தன்னைப் பார்த்து இழுக்க வேண்டும், இடதும் வலதுமாக மாற்றி மாற்றி, தண்ணீரை வாரி மடியில் போடுகிற மாதிரி. தனியாகப் போனால் எதிர்ப்பக்கம் எடை வேண்டும். வலை இருந்தால் வலை, இல்லாவிட்டால் ஒரு அம்மிக்கல் அளவுக்குக் கல். கல்லைச் சாக்கில் சுற்றிப் போட வேண்டும், வெறும் கல் அடியை அறுத்துவிடும். என்ன ஆனாலும் உள்ளே எழுந்து நிற்கக் கூடாது. இவ்வளவுதான் ஓட்டும் பாடம். ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

பரிசலைவிட வலைதான் அதிக நேரம் தின்றது. மாலை நான்கு நான்கரைக்குத் தங்கூஸ் வலையை, அதாவது நைலான் நரம்பு வலையை, விட்டுவிட்டு வந்து, விடிவதற்கு முன் போய் எடுப்போம். அணைக்குள் மூழ்கிய மரங்கள் நிறைய. தண்ணீர் குறைந்த சித்திரையில் கரையில் உட்கார்ந்து எந்தக் கட்டை எங்கே தலை நீட்டுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், ஐப்பசியில் தண்ணீர் ஏறிய பிறகு வலை தப்பும். நான் நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டு வைத்திருந்தேன். மாமா அதைப் பார்த்து, "சர்வேயர் உத்தியோகத்துக்குப் போயிருக்கலாம்" என்றார். ஆனால் அடுத்த வருஷம் அவரே வந்து, "அந்த நோட்டை எடு மாப்ளே" என்று கேட்டார்.

கட்லாவும் ரோகும் எடை காட்டும், ஜிலேபிக் கெண்டை எண்ணிக்கை காட்டும். ருசிக்கு நான் கெளுத்திதான் என்பேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

அந்த ஆடியில்தான் பரிசல் எதைக் கறந்தது என்று தெரிந்தது. காற்று எழுந்த ஒரு காலையில் என் பரிசலைக் கவிழ்த்து, காற்றுக்கு நகராமல் விளிம்பில் இரண்டு கல்லை வைத்துவிட்டுப் புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். யாருக்கும் 15 ரூபாய் பாக்கி இல்லை. வாடகைப் பையன்கள் இருவர் அலையில் குதித்துக் குதித்துப் போனார்கள். மாமா ஒரு பீடியை நீட்டினார். எனக்குப் பழக்கம் இல்லை, ஆனாலும் வாங்கிக் காதில் செருகிக்கொண்டேன்.

அந்தப் பாடத்தை நானே ஐப்பசியில் மறந்தேன். மேல்மலையில் இரண்டு நாள் மழை. எங்கள் ஊரில் ஒரு சொட்டு இல்லை, வெயில் அடித்தது. மூன்றாம் நாள் ஆற்று வாய்ப் பக்கம் தண்ணீர் செங்காவி நிறத்தில் இறங்கியது. புதுத்தண்ணி வந்தால் மீன் எல்லாம் அதை எதிர்த்து ஆற்று வாய்க்கு ஏறும். ஒரு ராத்திரியில் பத்து நாள் மீன் படும். அது எல்லாருக்கும் தெரியும். அங்கே போனால் என்ன ஆகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். மாமா மேகத்தைப் பார்த்துவிட்டு வலையைச் சுருட்டி வைத்தார். "நாளைக்குப் போகலாம் மாப்ளே" என்றார். அடகுக் கடையில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. நான் போனேன்.

வலை விடும்வரை ஒன்றும் இல்லை. வலையின் நுனியை ஒரு மொட்டைக் கட்டையில் கட்டிவிட்டுத் திரும்பும்போதுதான் சத்தம் கேட்டது. மழைச் சத்தம் என்று நினைத்தேன், ஆனால் மேலே மழை இல்லை. சருகும் நுரையும் முதலில் வந்தன, பின்னாலேயே வேரோடு ஒரு மரம். மரம் என் மேல் மோதவில்லை. அதன் வேர் ஒன்று அடியில் உரசிக்கொண்டு போனது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், காலுக்கடியில் சில்லென்று தண்ணீர். உள்ளங்கை அகலக் கிழிசல். இடுப்பு வேட்டியை உருவிச் சுருட்டிக் கிழிசலில் திணித்து, குதிகாலால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கையால் துடுப்பு, இன்னொரு கையால் தண்ணீர் இறைத்தேன். இறைப்பதற்கு என்னிடம் இருந்தது டீ கொண்டு போன தூக்குவாளியின் மூடி. அந்த மூடியின் அகலம் இன்னும் கையில் நினைவிருக்கிறது.

ஓட்டத்தை எதிர்த்து ஒரு முழம்கூடப் போக முடியவில்லை. அப்புறம்தான் புத்தி வந்து, ஓட்டத்தோடு விட்டுக் குறுக்கே மட்டும் இழுத்தேன். அணையின் விரிந்த பக்கம் வந்ததும் வேகம் தளர்ந்தது. இருட்டின பிறகு எங்கோ ஒரு கரையில் போய் முட்டினேன். காட்டுப்பக்கக் கரை. ஈரமண்ணில் கையை ஊன்றினால் கை ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கியது. தடவிப் பார்த்தேன், யானைத் தடம். தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் யானை வருவது வாடிக்கை. பரிசலைக் கவிழ்த்து அதற்குள் ஆமை மாதிரியே உட்கார்ந்திருந்தேன். விடிந்தபின் மாமா எட்டடிப் பரிசலில் தேடிக்கொண்டு வந்தார். திட்டவில்லை. வேட்டி இல்லாமல் நின்ற என்னிடம் தோள் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "பரிசல் வாங்கினதே இந்த மாதிரி நாள்ல வீட்ல கெடக்கத்தானேடா" என்றார். வலை போனது போனதுதான். அது கடன் வலை, இரண்டு மாதக் கூலி அதற்குச் சரியாகப் போயிற்று.

அதன் பிறகு மலைமேல் மழை என்று காதில் விழுந்தால் ஆற்று வாய்ப் பக்கம் போகிறதில்லை. மேலே இருந்து வருகிற காய்கறி வண்டிக்காரர்களிடம் மழை விசாரிப்பதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொண்டேன். பரிசலுக்குள் நான்கு சாமான் நிரந்தரமாகச் சேர்ந்தது. இறைக்க ஒரு பெரிய பிளாஸ்டிக் மக்கு, அது கயிற்றில் கட்டித் தொங்கும். வலை காலில் சிக்கினால் அறுக்க ஒரு கத்தி. பிளாஸ்டிக் பையில் சுற்றிய டார்ச். மூடி இறுக்கிய காலி எண்ணெய் கேன் மூன்று, உள்விளிம்பில் மூன்று திசையில் கட்டியது. பரிசல் நிறைந்தாலும் முழுக மாட்டேன் என்று மிதக்கும், பிடித்துக்கொண்டு கிடக்கலாம். இப்போது லைஃப் ஜாக்கெட் இல்லாமல் என் மகனை நான் இறங்க விடுவதில்லை. அன்றைக்கு எங்களில் யாரும் அதைப் பார்த்ததுகூட இல்லை.

பராமரிப்பில் நான் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் பரிசலை மண்ணில் அப்படியே கவிழ்த்து வைத்தேன், விளிம்பைக் கரையான் பிடித்தது. மூன்று கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். இரண்டாவது, மீன் கவிச்சியைக் கழுவாமல் வைத்தேன். எலி வந்து சாக்கைக் கடித்தது. எலிக்கடி ஓட்டை சின்னதாகத்தான் இருக்கும், நடு அணையில்தான் தெரியவரும். தினமும் உள்ளே கழுவி, வாரம் ஒரு முறை சாணி கரைத்துத் தெளித்தால் எலி அண்டுவது குறைகிறது. மூன்றாவது, பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத்தார் பூசினேன். கனம் ஏறியது, வெடிப்பும் விட்டது. சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும். பூசியவுடன் சலித்த சாம்பலைத் தூவினால் பிசுபிசுப்பு அடங்கும், தூக்குகிறவனின் கழுத்தும் பிழைக்கும்.

எப்போது பூசுவது என்பதை எங்களுக்கு முருகனே குறித்துக் கொடுத்திருக்கிறார். தைப்பூசம் நெருங்கினால் பழனியைச் சுற்றிப் பாதி ஊர் மாலை போட்டிருக்கும். சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டமும் காவடியும். மீன் கூடையோடு அந்தப் பக்கம் போனால் வாங்க ஆளும் இல்லை, நமக்கே கூச்சமாகவும் இருக்கும். பங்குனி உத்திரத்திலும் அதே கதை, புரட்டாசியிலும் அதே கதை. முதல் வருஷம் நான் இந்தக் கணக்குத் தெரியாமல் தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்னால் இருபது கிலோ பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வாரம் குத்தகைக்காரரும் எடை போடவில்லை. அம்மா அத்தனையையும் உப்புப் போட்டுக் கருவாடாக்கினாள், மாசி முடிகிறவரைக்கும் வீட்டில் அதேதான் குழம்பு. அடுத்த வருஷத்தில் இருந்து பூச வாரம் தார் வாரம். வெயிலும் தோதாக இருக்கும், மீனுக்கும் ஓய்வு.

தோட்டை மீட்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. பரிசல் மூன்று வருஷம் வந்தது. மூங்கில் பரிசலுக்கு அது நல்ல ஆயுசு. கடைசியில் நடுப்பிளாச்சு இரண்டு ஒரே நாளில் முறிந்தன. மாமா கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்துவிட்டார். அடுத்தது எட்டடி வாங்கினேன், அதற்குப் பிறகு இப்போது ஃபைபர். எலி கடிக்காது, தார் வேண்டாம், ஓட்டை உடைசல் கிடையாது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதன் விளிம்பைத் தட்டிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே சத்தம்.

பழசை எரித்துவிடலாம் என்று சாக்கைக் கிழித்துத் தாரைச் சுரண்டி, கூட்டை மட்டும் கொல்லையில் போட்டிருந்தேன். மறுநாள் விறகுக் கத்தியோடு போனால் அம்மா முந்திக்கொண்டிருந்தாள். கூட்டைக் கவிழ்த்து, மேலே பழைய வலைத்துண்டைக் கட்டி, அதற்குள் ஏழெட்டுக் கோழியை அடைத்திருந்தாள். ஊரில் வேறு யார் வீட்டிலும் இல்லாத ஆறடிப் பஞ்சாரம். என் கையில் இருந்த கத்தியைப் பார்த்துவிட்டு, காதில் தோடு ஆட, குனிந்து உள்ளே கையை விட்டாள்.

"கறக்காட்டிப் போவுது, முட்டையாச்சும் வைக்கட்டும்" என்று சொல்லி இரண்டு முட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.